கட்டைவிரல் வராத வினோதா

அக்கரப்பத்தனைக்கு மேலே, மேகம் கேட்காமலே வீட்டுக்குள் வந்து போகிற உயரத்தில் இருக்கும் ஒரு தோட்டத்தில், வினோதாவைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. தெரிந்தவர்களில் அவளிடம் ஒரு தடவையாவது ஏமாறாதவர்களும் இல்லை.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. தாய்மார் காலையில் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தொட்டிலாட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை அவள் சுத்தமாகச் செய்வாள். ஆனால் மாதத்தில் ஒரு நாள் குழந்தைகளை நிறுத்துப் பார்க்கும்போது மட்டும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. தன் பிள்ளைதான் தோட்டத்து டிவிசனிலேயே கொழுகொழுப்பு என்று அலட்டிக்கொண்ட ஒரு தாயின் குழந்தையை நிறுக்கும்போது, தூளித் துணியின் மடிப்பில் ஒரு சீனிப் பொட்டலத்தைச் செருகிவிட்டாள். தராசு முள் எங்கோ போய் நின்றது. அந்தத் தாய் பொழுது சாயும்வரை ஒவ்வொரு லயத்து வீடாகப் போய் அந்த நிறையைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். பதிவேட்டில் வினோதா சரியான நிறையைத்தான் போட்டிருந்தாள். விளையாட்டு வேறு, வேலை வேறு என்பதில் அவள் கறார்.

கலியாணத்தன்றே அவள் மாப்பிள்ளையிடம் கைவரிசையைக் காட்டியவள். குடத்துத் தண்ணீருக்குள் போட்ட மோதிரத்தை யார் முதலில் எடுப்பது என்று ஒரு சடங்கு நடக்குமே, அதில் போட்ட கையோடு மோதிரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை சட்டைக்கை தோள்வரை நனைய, குடத்தின் அடியைச் சுரண்டோ சுரண்டென்று சுரண்டினார். சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்தான் கஜேந்திரன். பெயருக்கேற்ற உடம்பு. டவுனில் ஓட்டோ ஓட்டுகிறார். ஓட்டோ ஸ்டாண்டில் உள்ள அத்தனை பேருக்கும் அவர் 'தலைவர்'. கோயில் கமிட்டியிலும் முன்வரிசை. பேச்சு அளவாக இருக்கும். சிரிப்பு அதைவிட அளவாக இருக்கும். தன்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பது அவருக்கு ஒரு விரதம் மாதிரி. இன்னொரு குணமும் உண்டு: கோணலாக எது இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. அடுத்தவர் வீட்டுச் சுவரில் சாமி படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், வந்த விசயத்தை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் எழுந்துபோய் அதை நிமிர்த்தி வைப்பார். இப்படிப்பட்ட மனிதர் வினோதாவோடு இத்தனை வருசம் குடித்தனம் நடத்தி, ஒரு மகளை வளர்த்துத் தாதிப் பயிற்சிக்குக் கண்டிக்கு அனுப்பியிருக்கிறார் என்றால், அவருடைய பொறுமை சாதாரணப் பொறுமை இல்லை.

ஒரு மார்கழியில், பிள்ளைக்காம்பராக்களுக்குப் பொறுப்பான கிருஷாந்தி மிஸ், தன் கீழ் வேலை செய்யும் பெண்களை ஹட்டனுக்கு அழைத்துக் கம்பளி பின்னச் சொல்லிக்கொடுத்தார். பனிக்காலம் வருகிறது, குழந்தைகளுக்குத் தொப்பியும் காலுறையும் கையுறையும் நாமே பின்னிக் கொடுத்தால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை. வினோதா இரண்டு நீள ஊசிகளோடும் ஒரு பை நிறைய நூலோடும் திரும்பி வந்தாள். நூல் தீர்ந்துபோனபோது, நுவரெலியா நடைபாதையில் குவித்து வைத்து விற்கிற பழைய சுவெட்டர்களை வாங்கிவந்து, பிரித்து, பீலியடித் தண்ணீரில் அலசி, உருட்டி வைத்துக்கொண்டாள்.

ஆசை இருந்தது. ஊசி இருந்தது. நூலும் இருந்தது. கைதான் வரவில்லை. அவள் பின்னத் தொடங்கிய முதல் மப்ளர் உள்ளங்கை அகலத்தில் ஆரம்பித்து, நடுவில் துண்டளவு விரிந்து, கடைசியில் பாம்பு வால் மாதிரி முடிந்தது. வரிசையின் முதல் நூல் கண்ணியை அறியாமல் இரண்டாக்கிவிடுவாள். வாய் பேசிக்கொண்டே இருப்பதால் நடுவில் ஒரு கண்ணி நழுவுவது தெரியாது. நழுவிய கண்ணி ஏணிப்படி மாதிரி அடிவரை இறங்கிப்போன பிறகுதான் பார்ப்பாள்.

கஜேந்திரன் அதைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"என்னா இது?"

"மப்ளருங்க."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான்."

"இதக் கழுத்துல போட்டுக்கிட்டு ஸ்டாண்டுக்குப் போனா, கழுத்துல என்னமோ கட்டின்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவானுங்க."

சொல்லிவிட்டு மடித்து வைத்தார். ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. மறுபடி விரித்து மடித்தார். அப்போதும் சேரவில்லை. அன்றைக்கு முழுக்க அவர் முகம் சரியில்லை.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடக்கத் தொடங்கியது. வினோதாவின் கை படிந்துவிட்டது. பிள்ளைக்காம்பராவில் ஊசி வைத்திருக்கக் கூடாது என்பதால், பின்னல் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். மாலையில் வந்து எடுத்துப் பார்த்தால், நேற்று தான் பின்னியது தான் நினைத்திருந்ததைவிட நன்றாக இருக்கும். ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும். 'அட, நேத்து அவசரத்துல கவனிக்கல, நல்லாத்தான் பின்னியிருக்கேன்' என்று தன்னையே மெச்சிக்கொள்வாள். கையுறையில் கட்டைவிரல் போடுவதுதான் அதில் கஷ்டமான இடம். மற்றக் கண்ணிகளை ஒரு நூலில் கோத்து ஒதுக்கி வைத்துவிட்டு, கட்டைவிரலுக்கு உரியதை மட்டும் தனியாகப் பின்னி எழுப்ப வேண்டும். அதுகூடக் கையுறைக்குக் கையுறை அழகாகிக்கொண்டே வந்தது.

சும்மா இருப்பாளா? பீலியடியில், கோயிலடியில், பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் அதே பேச்சுத்தான். "எனக்கு ஒரு தடவ காட்டுனா போதும்க்கா, கை தானா ஓடும்." கொழுந்தெடுக்கும் பெண்கள் விரல்நுனி இல்லாத கையுறை கேட்டு வந்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் தொப்பி கேட்டு வந்தார்கள். கஜேந்திரன் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்.

அப்போதுதான் பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள். பேச்சியம்மாவுக்கு எந்தச் சேதியையும் வயிற்றில் வைத்திருக்க முடியாது; ஆனால் சொல்வதற்கு முன்னால் ரொம்பத் தயங்குகிற மாதிரி ஒரு முகம் காட்டுவாள்.

"வினோதா, நா சொன்னேன்னு எடுத்துக்காத. ஒங்க வீட்டுக்காரரு காலையில டவுனுக்குத்தானே போறாரு?"

"பின்ன எங்க போவாரு?"

"அந்த சவுக்கு மரத்து வளைவு இருக்குல்ல, அதுக்கு மேல மலையிலதான் இந்த வாரம் நாங்க கொழுந்தெடுக்குறோம். அங்கன ஓட்டோவ ஓரங்கட்டி நிப்பாட்டியிருக்காரு. மழ இல்ல, ஒண்ணுமில்ல. ரெண்டு பக்கமும் படங்குச் சீலைய எறக்கி விட்டுருக்காரு. வண்டி லேசா ஆடுது வேற."

"தூங்குவாருக்கா."

"தூங்குற மனுசன் பேசுவானா? உள்ளார பொம்பளக் கொரலு கேக்குதுடி!"

வினோதா சிரித்துத்தான் அனுப்பினாள். ஆனால் அன்று மாலை கஜேந்திரனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையில் ஒரு கொண்டை ஊசி இருந்தது. கறுப்பாக, வளைந்து, எல்லாக் கொண்டை ஊசியும் போல. அவள் அதைச் சுவரோரம் வைத்துவிட்டு, சட்டையைக் கல்லில் அடித்த அடியில் இரண்டு பொத்தான் தெறித்துப் போயின.

மறுநாள் குழந்தைகளைத் தன்னோடு வேலை செய்யும் நிஷாந்தியிடம் ஒப்படைத்துவிட்டு, வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லிப் புறப்பட்டாள். குறுக்குப் பாதையில் இறங்கினாள். வழியில் கவ்வாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் குச்சிகளில் தடியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். சவுக்கு மர வளைவில் ஓட்டோ நின்றது. படங்கு இறக்கியிருந்தது. வண்டி லேசாக ஆடியது.

குனிந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நகர்ந்து, வண்டியின் பின்பக்கம் வந்து காது கொடுத்தாள். உள்ளே ஒரு பெண் குரல். மெதுவாக, கொஞ்சலாக, சிங்களத்தில். அதற்குப் பதில் சொல்வதுபோல் கஜேந்திரனின் குரல்:

"தெகக் எகட்ட... தெகக் எகட்ட..."

இரண்டை ஒன்றாக! எதை ஒன்றாக? வினோதாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. குச்சியை ஓங்கிக்கொண்டு, மறுகையால் படங்கின் ஓரத்தை விலக்கினாள்.

பின்சீட்டில் கஜேந்திரன் ஒருவர்தான் இருந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்திருந்தன. முன்சீட்டுக் கம்பியில் கயிறு போட்டுக் கட்டியிருந்த போனில் ஒரு சிங்களப் பெண் சிரித்த முகமாகப் பின்னிக் காட்டிக்கொண்டிருந்தாள். கஜேந்திரனின் மூக்கு நுனியில் கண்ணாடி. பல்லிடுக்கில் ஒரு கொண்டை ஊசி. வாழைக்காய் தடிமனில் இருந்த அவருடைய விரல்களுக்கு நடுவே, நேற்று வினோதா பாதியில் விட்டுவைத்த மஞ்சள் கையுறை. ஒரு கண்ணி எடுக்கும்போது அவருடைய புருவமும் சேர்ந்து மேலே ஏறியது. கண்ணி ஊசியில் விழுந்ததும் புருவம் இறங்கியது. ஆள் அந்தக் கண்ணிக்குள்ளேயே இருந்தார். படங்கு விலகியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

வினோதா சத்தமில்லாமல் படங்கை விட்டாள். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ஒன்று உறைத்தது. அப்படியென்றால் நேரான ஓரமெல்லாம் யாருடையது? கட்டைவிரல் யாருடையது? பீலியடியில் நின்று 'கை தானா ஓடும்' என்று பீற்றியதெல்லாம்?

ஊரையெல்லாம் ஏமாற்றியவள், தன் வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் ஏமாந்திருக்கிறாள். அதுவும் யாரிடம்? சிரிக்கவே தெரியாத மனிதரிடம். குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு நடந்தாள். மேட்டில் பேச்சியம்மா கூடையோடு காத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி? நா சொன்னது சரிதான?"

"ஆமாக்கா. பொம்பளதான்."

"ஆத்தி!"

"சிங்களப் பொம்பள. பாக்க லெட்சணமா இருக்கு. ரொம்பப் பொறுமையாச் சொல்லிக் குடுக்குது."

பேச்சியம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாமல் வினோதா இறங்கி நடந்தாள். அந்த ஒரு வாய் திறந்த காட்சிக்காகவே மனம் பாதி ஆறிவிட்டது. மீதியை ஆற்ற ஒரு வழி வேண்டுமே.

வழி அன்று மாலையே கிடைத்தது. தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் காட்டிக்கொள்ளவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தாள். நாலு வரிசை பின்னினாள். ஐந்தாவது வரிசையில் பார்த்துப் பார்த்து ஒரு கண்ணியை நழுவவிட்டாள். பிறகு ஒரு கொட்டாவி.

"ஏங்க, இன்னைக்குக் கை என்னா அழகா ஓடுது பாத்தீங்களா?"

கஜேந்திரன் எட்டிப் பார்த்தார். நழுவிய கண்ணி அவர் கண்ணில் பட்டது அவளுக்குத் தெரிந்தது. அவருடைய கை தானாக முன்னுக்கு வந்து, பிறகு முழங்காலைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனது.

"நல்லாருக்கு," என்றார்.

மறுநாள் அது சரியாகியிருந்தது. அதிலிருந்து வினோதாவுக்குக் கொண்டாட்டம்தான். கேட்டவர்களுக்கெல்லாம் கையுறை தருவதாகச் சொன்னாள். உள்ளங்கை வரை பின்னிவிட்டு, "இந்தக் கட்டைவிரல நாளைக்குப் போட்டுக்கலாம், அது எனக்குச் சப்ப மேட்டரு" என்று காதில் விழும்படி சொல்லிவிட்டுப் படுப்பாள். அடுத்த மாலைக்குள் கட்டைவிரல் முளைத்திருக்கும். சில நாள் வேண்டுமென்றே பச்சைக்கு நடுவே ஒரு ஊதாக் கண்ணியைக் கோத்து வைப்பாள். மறுநாள் அது இருக்காது. பண்டிகைக்குப் பரிசு கொடுக்க வேண்டிய சின்னச் சின்னத் தொப்பிகளில் குஞ்சத்தை மட்டும் கட்டாமல் விட்டுப் பார்த்தாள். குஞ்சமும் கட்டியிருந்தது, ஒரே அளவில் கத்தரித்து.

அவரைச் சீண்டுவதுதான் இதில் பெரிய ருசி. யாராவது வீட்டுக்கு வந்தால் கையுறையை எடுத்துக் காட்டுவாள். வந்தவர்கள் கட்டைவிரலைப் பார்த்து வியப்பார்கள்.

"எப்புடி வினோதா இத இவ்வளவு உருண்டையாக் கொண்டாந்த?"

"அது சும்மா நாலு கண்ணியக் கூட்டிப் போட்டா வந்துரும்."

"ரெண்டு ரெண்டாத்தான் கூட்டணும்," என்று மூலையிலிருந்து கஜேந்திரனின் குரல் வரும்.

எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் உடனே சுவரில் இருக்கும் சாமி படத்தைப் பார்ப்பார்.

"என்னாங்க சொன்னீங்க?" என்பாள் வினோதா.

"ஒண்ணுமில்ல. டயருக்குக் காத்தடிக்கிறதப் பத்திச் சொன்னேன்."

இப்படியே மாதங்கள் ஓடின. புரட்டாசியில் சிறுவர் தினம் வந்தது. கோயிலடி மண்டபத்தில் விழா. பிள்ளைக்காம்பராக் குழந்தைகள் எல்லாருக்கும் தொப்பி போட்டு, தாய்மார் மடியில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பஞ்சு உருண்டைகளைப் பரப்பி வைத்த மாதிரி இருந்தது. ஓட்டோ ஸ்டாண்ட் பையன்களும் வந்திருந்தார்கள், பந்தல் போட்டது அவர்கள்தான். கிருஷாந்தி மிஸ்ஸைப் பஸ் நிலையத்திலிருந்து கூட்டிவந்தது கஜேந்திரனின் ஓட்டோ. அவர் முதல் வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார்.

பாட்டு, பேச்சு எல்லாம் முடிந்ததும் மிஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் ஒரு சந்தோசமான விசயம். கையுறையில கட்டைவிரல் போடுறது எப்படின்னு இப்ப நம்ம வினோதா உங்க எல்லார் முன்னாலயும் செஞ்சு காட்டப் போறாங்க!"

கைதட்டல் மண்டபத்தை அடைத்தது. வினோதா மடியிலிருந்த குழந்தையை நிஷாந்தியிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். மேடைக்கு ஏறினாள். மேடையில் மேசையும் நாற்காலியும் ஊசியும், உள்ளங்கை வரை பின்னிய சிவப்புக் கையுறையும் தயாராக இருந்தன. இத்தனையும் எப்போது ஏற்பாடு செய்தார்கள்?

"மிஸ், எங்கிட்ட யாரும் சொல்லலியே," என்று கிசுகிசுத்தாள்.

"எனக்குத் தெரியும் வினோதா. ஒங்க வீட்டுக்காரர்தான் வண்டியில வரும்போது சொன்னாரு. ஒங்களுக்கு எல்லார் முன்னாலயும் செஞ்சு காட்டணும்னு ரொம்ப ஆசையாம், வெக்கத்துல வாய் தொறந்து கேக்க மாட்டீங்களாம். ஊசி, நூல் எல்லாம் அவரே கொண்டாந்து குடுத்தாரு. நல்ல மனுசன்!"

வினோதா திரும்பி முதல் வரிசையைப் பார்த்தாள். கஜேந்திரன் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனால் மீசையின் ஒரு நுனி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ஓஹோ!

அவளுக்கு எல்லாம் விளங்கியது. பயத்துக்கு நடுவிலும் ஒரு பெருமை வந்தது. இத்தனை வருசக் குடித்தனத்தில் இந்த மனிதர் செய்த முதல் குறும்பு, அதுவும் எவ்வளவு கச்சிதமாக!

உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். ஒரு கண்ணி, இரண்டு கண்ணி. பின்னுக்கிருந்தவர்கள் தெரியவில்லை என்று எழுந்து நின்றார்கள். மூன்றாவதற்கு ஊசியை எங்கே குத்துவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. வியர்த்தது. இனி ஒரே ஒரு வழிதான். ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தாள்.

"எனக்கு நூலு புடிச்சுக் குடுக்க எங்க வீட்டுக்காரரு வந்தாத்தான் கை ஓடும். அவரு கொஞ்சம் மேடைக்கு வரணும்."

ஸ்டாண்ட் பையன்கள் விசிலடித்தார்கள். சுதாகரன் என்கிற இளவட்டம், "போங்க தலைவரே, அக்கா கூப்புடுறாங்க!" என்று பின்னால் நின்று தள்ளினான். கஜேந்திரன் வேறு வழியில்லாமல் ஏறிவந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய பெரிய கையில் நூல் உருண்டை எலுமிச்சங்காய் மாதிரி இருந்தது.

வினோதா மறுபடி ஊசியை எடுத்தாள். அவருடைய கண்ணுக்கு நேரே, மெதுவாக, ஒரு கண்ணியை நழுவவிட்டாள்.

"விட்டுட்ட," என்றார் அவர், உதடு அசையாமல்.

"எதங்க?"

"மூணாவத."

"எங்கங்க? இதுவா?"

"அது இல்ல. எறங்குது பாரு. இழுக்காத. ஏய், இழுக்காத! அடிவரைக்கும் போயிரும்!"

ஒலிவாங்கி இருவருக்கும் நடுவில் இருந்தது. 'அடிவரைக்கும் போயிரும்' என்ற குரல் மண்டபத்தைத் தாண்டித் தேயிலை மலையில் மோதித் திரும்பி வந்தது. வினோதா இழுத்தாள். கண்ணி ஏணி ஏணியாக இறங்கியது. அந்தக் கோணலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க கஜேந்திரனால் முடியவில்லை.

"இங்க குடு!"

கையுறையைப் பிடுங்கினார். மற்றக் கை, அவர் பார்க்காமலே, பழகிய வழியில் வினோதாவின் கொண்டைக்குப் போய் ஒரு கொண்டை ஊசியை உருவியது. அதை வளைத்து, நழுவிய கண்ணியை அடியில் கொக்கி போட்டுப் பிடித்து, படி படியாக மேலே ஏற்றி, ஊசியில் மாட்டினார். பிறகு தம் போக்கில் கூட்டினார், ஒதுக்கினார், திருப்பினார். புருவம் ஏறி இறங்கியது. மண்டபத்தில் குழந்தைகள்கூட அழவில்லை. கட்டைவிரல் முளைத்து, உருண்டு, நுனியில் சுருங்கி முடிந்தது. நூலை இழுத்துப் பல்லால் கடித்து அறுத்த பிறகுதான் அவர் தலையை நிமிர்த்தினார். எதிரே தோட்டமே உட்கார்ந்திருந்தது.

"அடியே!" என்று பேச்சியம்மா நடுவிலிருந்து கத்தினாள். "இதானா அந்த சிங்களப் பொம்பள வெவகாரம்? நா வெள்ளிக்கெழமையெல்லாம் விரதமிருந்துல்லடி ஒனக்காகக் கும்புட்டேன்!"

அதோடு உடைந்தது சிரிப்பு. தாய்மார் குழந்தையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஸ்டாண்ட் பையன்கள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். "தலைவரே, கொண்டை ஊசி இருக்கா?" என்று ஒருவன் கேட்டான்.

கஜேந்திரனின் முகம் சிறுத்துப்போனது. கையுறையை மேசைமேல் வைத்துவிட்டு, அதன் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் வினோதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. குடத்துத் தண்ணீர் சொட்ட நின்ற மாப்பிள்ளைக்கும் அன்று இதே முகம்தான் இருந்திருக்கும். அன்று அவள் அந்த முகத்தைப் பார்க்கவேயில்லை. எழுந்து ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள்.

"சிரிச்சது போதும். ஒங்க கையில கெடக்குற கையுறைய எல்லாம் கொஞ்சம் பாருங்க. கட்டைவிரல் கிழியாம நிக்குதா? ஓரம் நேரா இருக்கா? அது எதுவும் நா செஞ்சது இல்ல. எனக்குக் கட்டைவிரல் வராது. அம்புட்டும் இவரு கை. இந்தக் குளுருல ஒங்களுக்கு வெரலு மரத்துப் போகாமக் காப்பாத்துனது இந்த மனுசன். நா வாயால பின்னுனேன், அவரு கையால பின்னுனாரு."

சிரிப்பு அடங்கியது. கிருஷாந்தி மிஸ்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லாரும். சுதாகரன் எழுந்து நின்று, "தலைவரே, எனக்கு ஒரு குல்லா. காது மூடுற மாதிரி!" என்று கத்தினான். இந்தத் தடவை அது கேலி இல்லை. விடியற்காலைக் குளிரில் ஸ்டாண்டில் நின்று பார்த்தவனுக்குத்தான் காதின் அருமை தெரியும்.

வீட்டுக்குப் போகும்போது கஜேந்திரன் ஓட்டோவை மெதுவாக ஓட்டினார். வினோதா பின்சீட்டில் உட்கார்ந்து அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சவுக்கு மர வளைவில் வண்டியை ஓரங்கட்டினார். இஞ்சினை நிறுத்தினார்.

"கோவமாங்க?" என்றாள்.

"மிஸ்கிட்டச் சொன்னது நாந்தான்."

"அது ஒங்க மீசையப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு."

"ஒனக்குத் தெரிஞ்சது எனக்கு எப்ப தெரியும்னு கேக்க மாட்டியா?"

வினோதா முன்னுக்குக் குனிந்தாள். "எப்ப?"

"அந்த மஞ்சக் கையுறைக்கு அடுத்த வாரமே. தெரியாம விடுற பிழ ஒரு எடத்துல நிக்காது வினோதா. கண்ட கண்ட எடத்துல வரும். அன்னையில இருந்து நீ விட்டதெல்லாம் ஒரே எடம். நா ஒக்காந்து செய்யிறதுக்கு வசதியா, வெளிச்சத்துக்கு வாட்டமா, நூலையும் நீளமா விட்டு வச்சிருப்ப."

வினோதா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 

"தெரிஞ்சும் ஏன் செஞ்சீங்க?"

கஜேந்திரன் வண்டிக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "நல்லாருந்துச்சு," என்றார். "சவாரிக்காகக் காத்துக்கிட்டுச் சும்மா ஒக்காந்துருக்கறது எம்புட்டுக் கஷ்டம்னு ஒனக்குத் தெரியாது. சொல்லிட்டா நீ வாங்கி வச்சுக்குவியோன்னு பயம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அளவான சிரிப்பு இல்லை. தோள் குலுங்க, ஓட்டோ ஆட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேட்டில் யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

இந்தத் தைமாதம் அக்கரப்பத்தனையில் நல்ல உறைபனி. புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஓட்டோ ஸ்டாண்டில் ஓட்டுநர்கள் அத்தனை பேர் தலையிலும் கம்பளிக் குல்லா, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். வினோதா சாமான் வாங்கப் போவதற்காகத் தன் வீட்டு ஓட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கஜேந்திரன் முன்சீட்டில் இருந்தார். படங்கு சுருட்டி மேலே கட்டியிருந்தது. கையில் ஊசி, மடியில் சாம்பல் நிற நூல்.

நுவரெலியா பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பயணி ஓடி வந்தார். ஊருக்குப் புதியவர். மெல்லிய சட்டை, இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவசரமா ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும். மச்சானுக்குப் புள்ள பொறந்திருக்கு."

"ஏறுங்க. வரிசைய முடிச்சிட்டு எடுக்குறேன், நடுவுல விட்டா நழுவிரும்," என்றார் கஜேந்திரன், தலையை நிமிர்த்தாமல்.

பயணி திகைத்துப்போய் வினோதாவைப் பார்த்தார். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"பொறந்தது ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

"பொம்பளப் புள்ளைங்க."

"அப்ப புள்ளைக்கு இந்தச் சாம்பல் நெறம் சரிப்படாதுங்க," என்று வினோதா முன்சீட்டுப் பக்கம் எட்டிச் சொன்னாள். "பிரிங்க."

கஜேந்திரன் மெதுவாகத் திரும்பி, அவள் கண்ணில் ஒளிந்திருந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு, மீசை நுனி துடிக்க அடுத்த கண்ணியை எடுத்தார்.